மூன்று முறை பட்டி பார்த்தும் திரும்பி வரும் விரிசல்

கேள்வி: கும்பகோணத்துக்குப் பக்கத்தில், வயலாக இருந்து மனையான இடத்தில் ஆறு வருடத்துக்கு முன் கீழும் மேலுமாக வீடு கட்டினோம். காலம் (கான்கிரீட் தூண்), பீம் போட்ட செங்கல் வீடு. குடிவந்த இரண்டாம் வருடமே உள்சுவர்களில் விரிசல் வந்துவிட்டது. மூன்று முறை பட்டி பார்த்து பெயின்ட் அடித்தாயிற்று. கோடை வந்தால் அதே இடத்தில் மறுபடி தலைகாட்டுகிறது. மாடிப் படுக்கையறையில் பீமுக்கு அடியில் படுக்கைவாட்டில் ஒரு கோடு. ஹாலில் காலத்தை ஒட்டி மேலிருந்து கீழாக ஒன்று. கீழ்த்தளத் தென்மேற்கு அறையில் ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாக ஒன்று. பூஜை அறையின் நாலரை இஞ்ச் சுவர் உச்சியில் ஒன்று. போதாததற்கு ஹால் முழுக்க வலைபோல மெல்லிய கீறல்கள். எந்தக் கம்பெனிப் பட்டி போட்டால் நிற்கும்? வீட்டுக்கு ஆபத்து ஏதும் உண்டா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: கம்பெனியை மாற்றிப் பயனில்லை. ஒயிட் சிமெண்ட் பட்டி சுவரின் சின்ன மேடுபள்ளத்தைச் சமன் செய்யத்தான். இரண்டு கோட்டும் சேர்ந்தே ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குள் இருக்க வேண்டும். காய்ந்தபின் அது ஓடு மாதிரி, துளியும் நீளாது. அசைகிற விரிசலில் அதைத் திணித்தால் அடுத்த அசைவில் உடையத்தான் செய்யும். உங்கள் பெயின்டரையும் குறை சொல்ல முடியாது, அவரிடம் இருப்பது பட்டி பிளேடும் உப்புத்தாளும்தான். உங்கள் வீட்டு விரிசல்களில் ஹாலின் வலைக் கீறல் மட்டுமே பெயின்டர் வேலை. மற்ற நான்கும் கொத்தனார் வேலை. அதிலும் இரண்டுக்குச் சுவரைத் தொடுவதற்கு முன் வீட்டுக்கு வெளியே வேலை இருக்கிறது.

எதையும் கொத்துவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விரிசல் அசைகிறதா, இல்லையா? அசைகிறதென்றால் வெயிலுக்கு அசைகிறதா, மண்ணுக்கு அசைகிறதா? இதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். விரிசலுக்கு இருபுறமும், நாலு இஞ்ச் இடைவெளி வரும்படி, பக்கத்துக்கொரு சின்ன ஸ்க்ரூவை பிளக் வைத்து முடுக்குங்கள். பூச்சோடு நின்றுவிடாமல் செங்கல் வரை (ஒரு பக்கம் கான்கிரீட் என்றால் கான்கிரீட் வரை) போக வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் வெர்னியரால் இரண்டு ஸ்க்ரூ தலைகளின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளந்து, தேதி, நேரம், வெயிலா மழையா என்பதோடு நோட்டில் எழுதிவையுங்கள். முதல் வாரம் காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அளக்க வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை போதும். விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதினால் நீளம் கூடுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கண்ணாடித் துண்டை ஆரால்டைட் வைத்து விரிசலுக்குக் குறுக்கே ஒட்டுவது பழைய வழக்கம். உடைந்தால் அசைந்திருக்கிறது என்று தெரியும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது தெரியாது. பெயின்ட் மேலேயே ஒட்டிவிட்டால் பெயின்டோடு உரிந்து வந்து, உடையாமலே ஏமாற்றும். எனக்கு வெர்னியர்தான் பிடிக்கும்.

எழுதிய எண்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும். காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் வந்தால் காரணம் வெயில். நாளுக்குள் மாறாமல், ஐப்பசி மழையில் சுருங்கிச் சித்திரையில் விரிந்தால் காரணம் களிமண். விரிசல் குறையாமல் ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போனால் அந்தப் பகுதி இன்னும் இறங்குகிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால், கட்டிய புதிதில் சிமெண்ட் காய்ந்து சுருங்கியபோது வந்து நின்றுபோன விரிசல் அது. அகலத்தைப் பொறுத்தவரை, 1984ல் வெளியான எஸ்.பி. 25 என்ற இந்தியத் தரக் கையேடு 1 மி.மீ.க்குக் கீழானதை மெல்லியது, 1 முதல் 2 வரை நடுத்தரம், 2க்கு மேல் அகலம் என்று பிரிக்கிறது. வெர்னியர் கைக்கு வரும்வரை ஏ.டி.எம். கார்டு போதும், அதன் கனம் முக்கால் மில்லிமீட்டர். கார்டு உள்ளே நுழையாத விரிசலுக்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

மாடிப் பீமுக்கு அடியில் வரும் கோட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். மேல்தளக் கான்கிரீட் நேரடியாக வெயில் வாங்குகிறது. கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு நீளும். 30 அடி நீளத் தளத்தில் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஏறக்குறைய 1.8 மி.மீ. நீண்டு, இரவில் மறுபடி சுருங்குகிறது. தளத்தோடு பீமும் போய்வருகிறது. அடியில் நிழலிலேயே நிற்கும் செங்கல் சுவர் அவ்வளவு நகராது. இரண்டும் சேருமிடத்தில் கோடு விழுந்தே தீரும். பீமுக்கு அடியில் வரும் கடைசிச் செங்கல் வரியை அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று அரைச்செங்கல்லைச் சொருகி மேலாகக் கலவை அப்பியிருந்தால் இன்னும் சீக்கிரம் தெரியும். அந்த வரியைக் குறைந்தது ஒரு வாரம் விட்டு, கீழ்ச்சுவர் சுருங்கி அடங்கிய பிறகு இறுக்கியிருக்க வேண்டும்.

இந்தக் கோட்டை ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். முதல் வேலை மொட்டைமாடியில்: வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிக்கலாம், அல்லது தளத்தைக் கழுவிக் காயவைத்து வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடிக்கலாம். சூடு குறைந்தால் அசைவும் குறையும். பிறகு கோணலாகத் தெரியும் கோட்டை நேரான ஜாயின்ட்டாக மாற்றிவிடுங்கள். பீமுக்கும் செங்கல்லுக்கும் நடுவே உள்ள கலவையில், நூல் பிடித்து, கட்டிங் மெஷினால் 10 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுக்க வேண்டும். பிளேடு செங்கல் பக்கம் சாய்ந்தால் பரவாயில்லை, பீமுக்குள் போகக்கூடாது. கம்பி அதிக ஆழத்தில் இல்லை. தூசியை பிளோயரால் ஊதி, 12 மி.மீ. ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்தி, மேலே 6 மி.மீ. ஆழத்துக்கு பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட் (காய்ந்தபின்னும் நீளும் அடைப்புப் பசை) போடுங்கள். 300 மி.லி. டியூப் ஒன்று இந்த அளவில் 16 அடி வரும். சிலிகான் வேண்டாம், அதன் மேல் பெயின்ட் பிடிக்காது.

ஃபோம் கயிறு எதற்கென்று கேட்டுச் சிலர் அதை விட்டுவிடுவார்கள். சீலன்ட் மேலும் கீழும் மட்டும் ஒட்டியிருந்தால்தான் நடுவில் இழுபட்டு நீள முடியும். காடியின் உள்முதுகிலும் ஒட்டிக்கொண்டால் எந்தப் பக்கமும் நகர இடமில்லாமல் ஓரத்தில் பிய்ந்துவிடும். கயிறு நுழையாத ஆழம் என்றால் உள்முதுகில் செலோ டேப்பாவது ஒட்டுங்கள். சீலன்ட் போட உச்சி வெயிலும் வேண்டாம், விடியற்காலையும் வேண்டாம். விரிசல் பாதி திறந்திருக்கும் இடைப்பட்ட நேரமே சரி. காய்ந்தபின் அதன்மேல் பட்டி போடவே கூடாது, எமல்ஷன் மட்டும். கோடு கண்ணில் படவே கூடாது என்றால் மரம் அல்லது பி.வி.சி. பீடிங் (மெல்லிய பட்டை) அடித்து மறைக்கலாம். ஆணியை பீமில் மட்டும் அடியுங்கள். பீமிலும் சுவரிலும் சேர்த்து அடித்தால் அடுத்த கோடையில் பீடிங்கின் ஓரத்தில் புதுக்கோடு வரும்.

ஹாலில் காலத்தை ஒட்டிய கோட்டில்தான் கொத்தனார்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். செங்கல்லும் கான்கிரீட்டும் ஈரத்துக்கும் சூட்டுக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. அந்தச் சேர்க்கையில் வலை வைக்காமல் ஒரே மூச்சில் பூசிவிட்டால் பூச்சு அங்கேதான் கிழியும். இந்த வகை அசைவு கொஞ்சம்தான், அதுவும் முதல் சில வருடங்களோடு அடங்கிவிடும். அதனால் இங்கே இறுக்கமாகப் பழுது பார்க்கலாம், நிற்கும்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆறு இஞ்ச், அந்தப் பக்கம் ஆறு இஞ்ச், தரையிலிருந்து பீம் வரை கட்டிங் மெஷினால் இரண்டு நேர்க்கோடு போட்டு, நடுவில் இருக்கும் ஒரு அடி அகலப் பூச்சை மொத்தமாக எடுத்துவிடுங்கள். விரிசலை மட்டும் ‘வி’ மாதிரி கீறி நிரப்புவது இங்கே உதவாது. செங்கல் தெரிந்ததும் காலத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அது தடையில்லாமல் உள்ளே போகும். கட்டும்போது அங்கே கலவை நிரப்பவில்லை என்று அர்த்தம். அந்தச் சந்தைச் சுரண்டி, ஊதி, நனைத்து, ஒன்றுக்கு மூன்று (சிமெண்ட் ஒன்று, மணல் மூன்று) கலவையைக் கெட்டிப் பதத்தில் தட்டித் தட்டி ஏற்றி ஒருநாள் விடுங்கள். காலத்தின் வழவழப்பான முகத்தை உளியால் நெருக்கமாகக் கொத்த வேண்டும். பெயருக்கு நாலு கொத்து கொத்திவிட்டுப் போனால் பூச்சு பிடிக்காது.

வலைக்கு, காரம் தாங்கும் ஃபைபர் மெஷ் வாங்குங்கள்: கண் 5 மி.மீ., சதுர மீட்டருக்கு 145 கிராம். சாதாரணக் கண்ணாடியிழை வலை சிமெண்ட்டின் காரத்தில் நாளடைவில் வலுவிழக்கும். கோழிவலைதான் கிடைக்கிறது என்றால் துத்தநாக முலாம் பூசிய 24 கேஜ், அரை இஞ்ச் கண். முலாம் இல்லாதது துருப்பிடித்துப் பெயின்டில் கறையாக வெளியே வரும். வலையை வாஷர் வைத்த ஆணியால் எட்டு இஞ்சுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். சுவரோடு அப்பிவிடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றால்தான் கலவை பின்னால் போய் வலையைக் கவ்வும். சுவரில் ஒட்டிய வலை பூச்சுக்குள் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

சுவரை நனைத்து, மேற்பரப்பு ஈரம் இழுத்ததும், எஸ்.பி.ஆர். லேடெக்ஸை (பூச்சைப் பிடிக்கவைக்கும் பால் போன்ற திரவம்) சிமெண்ட்டோடு டப்பாவில் சொன்ன அளவில் கரைத்துப் பிரஷ்ஷால் தடவுங்கள். அது கையில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே பூச வேண்டும். தடவிவிட்டு டீ குடிக்கப் போய் அது காய்ந்துவிட்டால் ஒட்டவைப்பதற்குப் பதிலாகப் பிரித்துவைக்கும். சுரண்டிவிட்டு மறுபடி தடவத்தான் வேண்டும். பூச்சுக்கு ஒன்றுக்கு நாலு, சலித்த பி சாண்ட் (பூச்சுக்கான அரைத்த மணல்). பத்தடி உயரத்துக்குச் சந்து நிரப்புவதையும் சேர்த்து ஆறேழு கிலோ சிமெண்ட்டும் அரைக்கன அடிக்குச் சற்று மேல் மணலும் போதும். இவ்வளவு சின்ன வேலைக்குக் கண்மட்டத்தில் கலப்பார்கள். ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். சிமெண்ட் கூடினால் பலம் கூடும் என்ற எண்ணத்தில் ஒன்றுக்கு இரண்டு போட்டால் சுருக்கம்தான் கூடும். ஏழு நாள் காலையும் மாலையும் ஈரம் காட்டுங்கள். பிறகு மூன்று நாலு வாரம் காயவிட்டு பிரைமர். பெயின்ட்டை ஒட்டுப்போட்டதுபோல அந்த ஒரு அடிக்கு மட்டும் அடிக்காமல் மூலைக்கு மூலை முழுச் சுவருக்கும் அடித்தால் பட்டை தெரியாது.

ஜன்னல் மூலைச் சாய்வு விரிசலில்தான் எனக்குக் கவலை. படத்தில் ஏ.டி.எம். கார்டு இரண்டு சேர்ந்து நுழையும் அகலம் தெரிகிறது. வெளிப்பக்கப் படத்தில் இன்னொன்றும் தெரிகிறது: மொட்டைமாடி மழைத்தண்ணீர்க் குழாய் அந்த மூலையில்தான், சுவரோரத்திலேயே கொட்டுகிறது. பக்கத்து மனையில் பெரிய வேப்பமரம். வயல் களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மழைக்காலத்தில் குழாயும் கோடையில் மரத்தின் வேரும் அந்த மூலை மண்ணை இரண்டு எல்லைக்கும் கொண்டுபோகின்றன. வீட்டின் மற்ற பகுதி அவ்வளவு ஆடுவதில்லை. வித்தியாசம் ஜன்னல் மூலையில் வெடிக்கிறது.

குழாயை நீட்டி, குறைந்தது பத்தடி தள்ளி வடிகாலிலோ மழைநீர்க் குழியிலோ விடுங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குக் கான்கிரீட் தளம் போட்டு, மூன்றடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம் வெளிப்பக்கமாகக் கொடுங்கள். சுவரும் அந்தத் தளமும் சேருமிடத்தில் சீலன்ட். அந்தப் பக்கம் பாத்ரூம் சேம்பர் இருந்தால் மூடியைத் திறந்து கசிவு பாருங்கள். மரத்தை உடனே வெட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம் வேண்டாம். களிமண்ணில் பெரிய மரத்தைத் திடீரென்று எடுத்தால் மண் ஈரமேறி உப்பி, தரை மேலே தூக்கும் தொல்லையும் உண்டு. கிளையைக் கவாத்து செய்தால் தண்ணீர் குடிப்பது குறையும்.

இவற்றைச் செய்தபின் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அளந்து பாருங்கள். அசைவு அடங்கினால் தையல் போடலாம். விரிசலுக்குக் குறுக்கே, செங்கல் வரிகளுக்கு இடையேயுள்ள கலவையில், நாலு வரிக்கு ஒன்றாக ஒன்றரை இஞ்ச் ஆழத்துக்குக் காடி எடுத்து, 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முறுக்குக் கம்பியை இருபுறமும் ஒன்றரை அடி போகுமாறு வைத்து, சுருங்காத கிரவுட்டால் (சந்தை நிரப்பும் சிமெண்ட் கலவை) மூட வேண்டும். காடியில் பாதி கிரவுட் நிரப்பியபின் கம்பியை அழுத்தி, மேலே மீதி. வெறும் காடியில் கம்பியை வைத்து மேலே பூசினால் பின்பக்கம் காலியாக நின்று கம்பி வேலை செய்யாது. ஒரு வருடம் கழித்தும் அதே ஆட்டம் இருந்தால் அஸ்திவாரத்தைப் பார்க்க ஸ்ட்ரக்சுரல் எஞ்சினீயர் நேரில் வர வேண்டும். அதற்கு முன் சுவரில் செலவு செய்வது வீண்.

பூஜை அறைச் சுவரைப் படத்தில் பார்த்தால் உச்சியில் பிளவு, கீழே ஸ்கர்ட்டிங்குக்கும் (சுவரடிப் பட்டை) தரைக்கும் நடுவே சந்து விழவில்லை. சுவரும் தரையும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன. நாலரை இஞ்ச் சுவரை அடியில் பீம் இல்லாமல் தரைக் கான்கிரீட் மேலேயே எழுப்பியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. பிளிந்துக்குள் (தரைமட்டத்துக்கு உயர்த்திய அடித்தளம்) மண் நிரப்பும்போது ஆறு முதல் ஒன்பது இஞ்சுக்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் விட்டு திமிசு போட்டிருக்க வேண்டும். ஒரேயடியாக லாரி மண்ணைக் கொட்டி நிரவினால் வருடக்கணக்கில் அமுங்கும். டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்து அறையின் நாலு மூலையும் நடுவும் பாருங்கள், எங்கே தணிந்திருக்கிறது என்று தெரியும். தரைக்கடியில் தண்ணீர்க் குழாய் கசிந்து மணலை அரிக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். இரவில் எல்லாக் குழாயையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தைக் குறித்து, காலையில் ஒப்பிடுங்கள். இது பாரம் சுமக்கும் சுவர் இல்லை, வீடு விழுந்துவிடாது. இறக்கம் நின்றுவிட்டது என்று ஒரு வருட அளவு சொன்னால் உச்சிச் சந்தைச் சுத்தம் செய்து கெட்டிக் கிரவுட்டால் இறுக்குங்கள். அதுவரை பீமில் மட்டும் அடித்த பீடிங்கே போதும்.

ஹாலின் வலைக் கீறலைக் கொத்தனார்கள் ‘ஏர் கிராக்’ என்பார்கள். பூச்சை வழவழப்பாக்க மேலே வெறும் சிமெண்ட்டைத் தூவித் தேய்த்ததும், தூள் அதிகமுள்ள மணலும், க்யூரிங் (ஈரம் காட்டுவது) போதாததும் காரணம். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சைப் பெயர்த்துப் புதிதாகப் பூச வேண்டும். கெட்டியாக ஒலித்தால் பழைய பட்டியைச் சுரண்டி, பிரைமர் அடித்து, மெல்லிய பட்டி இரண்டு கோட். இங்கே பட்டி நிற்கும். மேட் எமல்ஷன் போட்டால் மிச்சம் மீதி மறையும், பளபளப்பான பெயின்ட் ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும்.

ஆபத்தைக் கேட்டீர்கள். இப்போது படத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இவற்றில் ஒன்று வந்தாலும் பட்டி, பெயின்ட் பேச்சை விட்டுவிட்டு உடனே எஞ்சினீயரை அழையுங்கள்: காலத்தின் ஓரத்தில் இல்லாமல் காலத்தின் உடம்பிலேயே நெட்டுவாக்கில் விரிசல், பீமின் முனையருகே சாய்வு விரிசல், விரிசலோடு துருக்கறை, விரிசலின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லாமல் படியாக நிற்பது, 5 மி.மீ.க்கு மேல் அகலம், திடீரென்று கதவு ஜன்னல் பிடித்துக்கொள்வது.

பருவம் பார்த்துச் செய்யுங்கள். மொட்டைமாடி வேலையும் மழைத்தண்ணீர்க் குழாயும் இப்போதே நடக்கலாம். சுவர் வேலைக்குத் தை, மாசி நல்லது. களிமண் விரிசல் சித்திரையில் முழுக்கத் திறந்திருக்கும்போது அதைக் கெட்டியாக நிரப்பிவிட்டால், மழையில் மூட இடமில்லாமல் பக்கத்தில் வெடிக்கும். கொத்தனாரிடம் சதுர அடிக் கணக்கில் பேசாதீர்கள். ஒரு அடிப் பட்டைக்குச் சதுர அடிக் கூலி கட்டாது, கொத்துவதையும் நனைப்பதையும் விட்டுத்தான் அவர் ஈடுகட்டுவார். நாள்கூலி கொடுத்து, வலை அடித்ததும் பூசுவதற்கு முன் உங்களைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.